எலுமிச்சையும் சுண்டைக்காயும்: பக்கவாதத்தில் கை திரும்புவது ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

"பக்கத்துக் கட்டில்காரருக்கு ஸ்கேனில் எலுமிச்சை அளவு பாதிப்பு, இப்போது சட்டைப் பொத்தானே போடுகிறார். அப்பாவுக்குச் சுண்டைக்காய் அளவுதான். கை அசையவே இல்லை. இருவருக்கும் ஒரே பிசியோதெரபிதானே?" பக்கவாதம் வந்த வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

அளவைவிட இடம் முக்கியம். கையை இயக்கும் நரம்பிழைகள் மூளையின் மேற்பரப்பில் விசிறிபோல் விரிந்து கிளம்பி, ஆழத்தில் 'இன்டர்னல் கேப்ஸ்யூல்' என்ற குறுகிய சந்தில் நெருக்கியடித்து இறங்குகின்றன. மேலே எலுமிச்சை அளவு கெட்டாலும் அக்கம்பக்கத்து இழைகள் ஓரளவு வேலையை ஏற்றுக்கொள்ளும். சந்தில் சுண்டைக்காய் விழுந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். பயிற்சி செய்வது பெரும்பாலும் மிஞ்சிய இழைகளின் இணைப்புகளை வலுவாக்குவதுதான். அறுந்த வடத்தை அது ஒட்டவைப்பதில்லை.

இழை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் சோதனைதான் அழகு. எட்டு வடிவக் கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து ஒரு காந்தத் துடிப்பு. கைத் தசைமேல் ஒட்டிய மின்முனையில் சுமார் 20 மில்லிநொடியில் ஒரு சின்னத் துள்ளல். நோயாளியால் விரலை நீட்டவே முடியாதபோதும் துள்ளல் வரலாம். அப்படியானால் பாதை உயிரோடு இருக்கிறது.

கை எவ்வளவு திரும்பும் என்று கணிக்க நியூசிலாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு உருவாக்கிய பிரெப்2 முறை இன்னும் எளிமையாகத் தொடங்குகிறது. பக்கவாதம் வந்த மூன்றாம் நாளில் கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் தூக்கும் வலுவுக்கும் விரல் நீட்டும் வலுவுக்கும் தலா 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டல் 5 அல்லது அதற்கு மேல் என்றால் கை நன்றாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். குறைந்தால்தான் காந்தச் சோதனை.

பாதை இருந்தும் கை வராமல் போவதுண்டு. பயிற்சியின் அளவு போதாதது ஒரு காரணம். விலங்குச் சோதனைகளில் ஒரு நாளைக்கு 400 முதல் 600 முறை அசைவு. அமெரிக்க, கனடிய மையங்களில் 2009இல் எண்ணிப் பார்த்தபோது ஓர் அமர்வில் சராசரி 32தான். அதற்காக முதல் நாளே விரட்டவும் கூடாது: 2015இல் வெளிவந்த அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தவர்களின் நிலை மூன்றாம் மாதத்தில் சற்று மோசமாகவே இருந்தது.

இன்னொரு வினை, நல்ல கையே எல்லாவற்றையும் செய்துவிடுவது. நல்ல கைக்கு உறைமாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு பூட்டிவைத்து, இரண்டு வாரம் பலவீனக் கையைப் பழக்கும் முறை உண்டு. ஆனால் அதற்குப் பலவீனக் கையின் மணிக்கட்டு 20 பாகையும் விரல்கள் 10 பாகையும் தாமாகவே பின்பக்கம் நிமிர வேண்டும். அதுவும் இல்லாதவருக்குப் பூட்டினால் எரிச்சல்தான் மிச்சம்.

பக்கவாதத்துக்கு நாட்டு வைத்தியம் என்று புறா ரத்தம் தேய்ப்பதில் என் கோபம் புறாவுக்காக மட்டுமல்ல. பொன்னான முதல் மாதங்கள் அதில் கரைகின்றன. விலை உயர்ந்த ரோபோ கையுறைக்குச் செலவிடும் பணத்தில் கூடுதல் பிசியோதெரபிஸ்டுகளை வைக்கலாம் என்பதும் என் கட்சி.

துள்ளலே வராதவருக்கும் வேலை இருக்கிறது: தோள் மூட்டு நழுவாமல் தலையணையில் தாங்குவது, கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதிருப்பது, விரல்கள் இறுகாமல் தினமும் நீட்டிவிடுவது, ஒற்றைக் கையால் பொத்தான் போடப் பழக்குவது.