சிவப்பு ஃபில்டரை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

கறுப்பு வெள்ளை ஃபிலிம் பக்கம் வருகிறவர்களில் பலர் முதலில் தேடுவது லென்ஸின் முன்னால் மாட்டும் சிவப்புக் கண்ணாடியை, அதாவது சிவப்பு ஃபில்டரைத்தான். கரிய வானமும் பளீரென்ற வெண்மேகமும் வேண்டும். சிங்கப்பூரில் அது எளிதில் அமையாது. ஃபில்டர் தன் நிறத்தைக் கடத்தி எதிர் நிறத்தைத் தடுக்கிறது. வானம் நீலமாக இருந்தால்தான் சிவப்பு அதைக் கறுக்க வைக்கும். இங்கே பல நாள் வானம் ஈரப்பதத்தால் வெளுத்துக் கிடக்கிறது. வெள்ளையில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் எந்த ஃபில்டருக்கும் அது மசியாது. மழை விட்டு வானம் தெளிந்த பிறகு தலைக்கு மேலே நல்ல நீலம் கிடைக்கும். அடிவானம் அப்போதும் வெளிறித்தான் இருக்கும்.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ஆட்களைப் படமெடுப்பவர்களுக்குச் சிவப்பு இன்னொரு தொல்லையும் தரும். நெற்றியில் குங்குமம் வைத்த ஒருவரை 25ஆம் எண் சிவப்பு ஃபில்டர் வழியே எடுத்துப் பாருங்கள். குங்குமமும் உதடும் வெளிறி, தோலின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும். பொட்டு இருந்த இடமே தெரியாது. கேம்பல் லேன் பூக்கடையில் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் ஆரஞ்சுச் சாமந்தி மாலையும் மல்லிகை போலவே வெளுத்துவிடும். இதற்கெல்லாம் 11ஆம் எண் மஞ்சள்பச்சைதான் சரி: குங்குமம் அடர்ந்து நிற்கும், முகம் இயல்பாக இருக்கும், இலைகளும் கொஞ்சம் தெளியும். வண்ண வண்ண வீடுகள் நிற்கும் கூன் செங் சாலையின் பச்சைச் சுவரும் இளஞ்சிவப்புச் சுவரும் ஃபில்டர் இல்லாமல் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். அங்கே எந்தச் சுவர் வெளுக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு ஃபில்டரை எடுங்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் பரிந்துரை 8ஆம் எண் மஞ்சள்.

எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் கணக்கில்தான் நிறையப் பேர் ஃபிலிமை வீணாக்குகிறார்கள். ஃபில்டர் வளையத்தில் 8 மடங்கு என்று போட்டிருந்தால் 8 ஸ்டாப் கூட்டக் கூடாது. ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்காகும் என்பதால் அது 3 ஸ்டாப். 2 மடங்கு 1 ஸ்டாப், 4 மடங்கு 2 ஸ்டாப். மஞ்சளுக்கு 1, மஞ்சள்பச்சைக்கு 2, ஆரஞ்சுக்குச் சுமார் 2, சிவப்புக்கு 3. லென்ஸ் வழியே அளக்கும் கேமராவில் ஃபில்டரைப் போட்டு அளந்துவிட்டு, அதன்மேல் மறுபடி 3 ஸ்டாப் கூட்டினால் நெகட்டிவ் அடர்ந்துவிடும். அதோடு, ஒளியை அளக்கும் மீட்டருக்குச் சிவப்பு தெரியும் விதமும் ஃபிலிமுக்குத் தெரியும் விதமும் ஒன்றல்ல. ஃபில்டரைக் கழற்றி அளந்து, பிறகு கூட்டுவதே பாதுகாப்பு. தனி மீட்டர் வைத்திருப்பவர்கள் சிவப்பு ஃபில்டரோடு 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு ஐஎஸ்ஓ டயலை 50இல் வைத்தால் போதும். கடைவீடுகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதை நிழலில் எஃப்4, 1/60 நொடி கிடைக்கிறது என்றால் சிவப்போடு அது 1/8 ஆகும்; கையில் பிடித்து எடுக்க முடியாது. திறந்த நிழலுக்கு ஒளி தருவது பெரும்பாலும் நீல வானம் என்பதால், கணக்கைவிட இன்னும் இருண்டுபோகவும் வாய்ப்பு உண்டு.

ஆர்த்தோ என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் வகைக்குச் சிவப்பே தெரியாது. அதில் சிவப்பு ஃபில்டர் போடுவது மூடியைப் போட்டபடி எடுப்பதற்குச் சமம்.

சாதாரண டிஜிட்டல் கேமராவுக்கு இவை தேவையில்லை. சென்சாரில் நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பைப் படிக்கிறது. சிவப்புக் கண்ணாடி போட்டால் மற்றவை ஏறக்குறைய சும்மா இருக்கும், படத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சல் கூடும். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து, கணினியில் நிற வாரியாக வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளலாம். லைக்கா மோனோக்ரோம், பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் போன்ற நிறமறியா சென்சார்களுக்கு மட்டும் கண்ணாடியே வேண்டும்.

வாங்கும்போது உங்களிடம் உள்ள பெரிய லென்ஸின் விட்டத்துக்கு வாங்கி, சின்ன லென்ஸ்களில் அதைப் பொருத்த ஸ்டெப்-அப் வளையம் போடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்; அகலக்கோண லென்ஸில் இரண்டு அடுக்கினால் மூலைகள் கறுக்கும். பெனின்சுலா பிளாசா பக்கம் பழைய ஃபில்டர் பார்ப்பவர்கள் அதை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, பூஞ்சை நூலும் ஓரத்தில் பிரிந்த படலமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடியில் பனி படியும். துடைக்காமல் 20, 30 நிமிடம் பையிலேயே மூடி வைத்து, சூடு சமமானதும் எடுங்கள். வளையம் லென்ஸில் இறுகிவிட்டால் இடுக்கி வேண்டாம்; அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.