ஒருங்கிணைவு: ஐரோப்பியப் பாடத்தில் ஒரு சொல்

ஐரோப்பிய நாடுகள் ஒன்றாகச் சேர்வதைக் குறிக்கும் 'இன்டக்ரேஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'இன்டெகர்'. தொடப்படாதது, குறைபடாதது, முழுமையானது என்று பொருள். ஆங்கிலத்தில் முழு எண்ணுக்கும் இதே பெயர்தான்.

தமிழில் பெரும்பாலும் 'ஒருங்கிணைப்பு' என்று எழுதுகிறோம். இடறுவது இங்கேதான். 'கோஆர்டினேட்டர்' என்பவரையும் ஒருங்கிணைப்பாளர் என்றே அழைக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்திலோ இவ்விரண்டும் வெவ்வேறு. பொருளாதாரக் கொள்கையை உறுப்பு நாடுகள் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று கலந்து பேசி நடத்துகின்றன. யூரோவுக்கான அடிப்படை வட்டி விகிதத்தை பிராங்க்ஃபர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கியே முடிவுசெய்கிறது. முன்னது ஒருங்கிணைப்பு, பின்னதை 'ஒருங்கிணைவு' என்பதே சரி. இணைத்தால் இணைப்பு, இணைந்தால் இணைவு. தன்வினையில் பிறந்த சொல் என்பதால், நாடுகள் தாமாகச் சேர்ந்தன என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. 1951 பாரிஸ் ஒப்பந்தத்தில் நிலக்கரிக்கும் எஃகுக்குமாக ஆறு நாடுகள் அப்படித்தான் சேர்ந்தன.

வகுப்பறையில் சிக்கல் வேறு வகை. பொருளியலில் ஒருங்கிணைவு என்றால் பொருளியலாளர் பெலா பலாஸா 1961இல் வகுத்த படிநிலைகள்: தடையற்ற வணிகப் பகுதி, சுங்க ஒன்றியம், பொதுச் சந்தை, பொருளாதார ஒன்றியம், முழு ஒருங்கிணைவு. அரசியலில், அரசியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இல் சொன்னபடி, கட்சிகள் போன்ற அரசியல் செயற்பாட்டாளர்களின் பற்று புதிய மையத்துக்கு நகர்வது. சட்டத்தில், ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1963 வான் கெண்ட் என் லோஸ் தீர்ப்புக்குப் பின், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தைக் காட்டிக் குடிமகனே தன் நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோருவது. மூன்று ஆசிரியர்கள் முறைவைத்து வந்து போனால், மாணவர் மூன்று பொருளையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவார். அது துறைகளை அடுக்கிவைக்கும் பல்துறைப் பாடம்தான், அவற்றை இணைக்கும் துறையிடைப் பாடமாகாது.

ஒரே வழக்கை எல்லோரும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு பழ மதுவின் பெயரால் அறியப்படும் 1979 'காசிஸ் தெ திஜோன்' வழக்கு மிகவும் பொருத்தம். 15 முதல் 20 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பிரெஞ்சுப் பழ மதுவை ஜெர்மனியில் விற்க முடியவில்லை. அங்கே குறைந்தது 25 விழுக்காடு வேண்டும் என்பது சட்டம். ஒரு நாட்டில் முறைப்படி விற்கப்படும் பொருளை, பொதுநலம் சார்ந்த தக்க காரணமின்றி மற்றொரு நாடு தடுக்கக் கூடாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். சட்ட ஆசிரியர் விதியைப் பார்க்கட்டும், பொருளியல் ஆசிரியர் சந்தையைப் பார்க்கட்டும், அரசுகள் பேசி முடிக்காததை நீதிமன்றம் ஏன் முடித்தது என்று அரசியல் ஆசிரியர் கேட்கட்டும்.

இப்படித் தடைகளை அகற்றி நடப்பதை ஆங்கிலத்தில் 'நெகட்டிவ் இன்டக்ரேஷன்' என்பர். பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1954இல் வகுத்த பிரிவு. இதை 'எதிர்மறை ஒருங்கிணைவு' என்று பெயர்த்தால் பிரிந்துபோவதாகப் படும். 'தடைநீக்க ஒருங்கிணைவு' எனலாம். பொது விதிகளை உருவாக்கும் மற்றதை, அதாவது 'பாசிட்டிவ் இன்டக்ரேஷன்' என்பதை, 'விதியாக்க ஒருங்கிணைவு' எனலாம்.