உங்களை அறிந்த வைத்தியர் ஒருவர்: ஆய்வுகள் காட்டும் திசை

சில மாதங்களுக்கு முன் மூதூரிலிருந்து வந்த, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, எழும்பும்போதெல்லாம் தலை சுற்றுவதாகச் சொன்னார். அவர் கொண்டுவந்த பையில் ஒரு கிளினிக் கொப்பியும், வேறோரிடத்தில் எழுதிக் கொடுத்த மருந்துச் சிட்டையும், ரப்பர் நாடா போட்டுக் கட்டிய குளிசை அட்டைகளும் இருந்தன. மேசையில் பரப்பிப் பார்த்தபோது, லொசார்டன் என்ற பிரஷர் குளிசை இரண்டு வணிகப் பெயர்களில் கிடந்தது. "ரெண்டும் வேற வேற நிறம் டொக்டர், வேற மருந்தெண்டுதான் நினைச்சன்" என்றார். இருந்தபடி எடுத்தபோது 118 ஆக இருந்த மேல் அழுத்தம், எழுந்து நின்றதும் 96 ஆக இறங்கியது. எழுதிக் கொடுத்த வைத்தியர்கள் இருவரும் தத்தம் அளவில் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வழி இருக்கவில்லை.

குடும்ப மருத்துவம் பற்றிய ஆய்வுகள் இன்று அதிகம் பேசுவது இந்த இடைவெளியைத்தான். அந்தத் துறையின் தொடக்கக் கேள்வி வேறாக இருந்தது. 1961இல் மருத்துவ ஆய்வாளர் கெர் வைட்டும் அவரது சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, வயது வந்தோர் 1000 பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு வருத்தம் வருகிறது, 250 பேர் வைத்தியரைப் பார்க்கிறார்கள், 9 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார்கள், ஒருவரே பல்கலைக்கழக வைத்தியசாலை வரை அனுப்பப்படுகிறார் என்று கணக்கிட்டது. மருத்துவக் கல்வியும் ஆய்வும் பெரும்பாலும் அந்த ஒருவரைச் சுற்றியே நடந்துகொண்டிருந்ததால், மற்றவர்களைப் பார்க்கும் வைத்தியர்களின் பணியைப் பெரிதாக யாரும் அளந்து பார்க்காமலே இருந்தார்கள்.

பிறகு பார்பரா ஸ்டார்ஃபீல்ட் போன்ற ஆய்வாளர்கள், ஆரம்பப் பராமரிப்பு, அதாவது நோயாளர் முதலில் போய்ப் பார்க்கும் வைத்தியரின் பராமரிப்பு, வலுவாக உள்ள இடங்களில் மக்களின் உடல்நலம் மேம்பட்டிருப்பதைக் காட்டினார்கள். அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் நெருங்கி, ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து செல்வதால் என்ன நடக்கிறது என்று கேட்கின்றன. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 9 நாடுகளின் 22 ஆய்வுகளைப் பரிசீலித்தது. அவற்றுள் 18, தொடர் பராமரிப்பு கூடிய இடத்தில் இறப்பு குறைவாக இருந்ததைக் கண்டன. நோர்வேயில் சுமார் 45 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப வைத்தியரிடம் இருந்தவர்களின் இறப்பு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட ஏறத்தாழ 25 வீதம் குறைவாக இருந்தது.

இவை நடந்ததைப் பார்த்துப் பதிவுசெய்யும் அவதானிப்பு ஆய்வுகள் என்பதால், வைத்தியரை மாற்றாமல் இருந்ததால் மட்டுமே ஆயுள் கூடியது என்று நான் சொல்லமாட்டேன். மேலும், நோர்வேயில் ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் பதிவுசெய்யப்பட்ட குடும்ப வைத்தியர் இருக்கிறார். இலங்கையில் நாமோ எந்தக் கடிதமும் இல்லாமல் எந்த வைத்தியசாலைக்கும் போகலாம். அந்தச் சுதந்திரத்தை நான் குறைசொல்லவில்லை. குச்சவெளி, வெருகல் போன்ற தூர ஊர்களில் இருப்பவருக்கு அது உயிர் காக்கும் வசதி. ஆனால் அதன் விலையாக, நம்முடைய முழுக் கதையையும் அறிந்தவர் என்று ஒருவரும் இல்லாமல் போகிறார்.

நம் பக்கத்து நிலைமையை ஆராயும் கட்டுரைகளும் வரத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில், 2645 பேருடன் நடத்தி 2020இல் வெளியிட்ட பரிசோதனை ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று பிரஷரை அளந்து, ஆலோசனை கூறி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில், இப்படிப் பார்க்கப்பட்டவர்களின் மேல் அழுத்தம், வழமையான பராமரிப்புப் பெற்றவர்களைவிடச் சராசரியாக 5 அலகுகள் கூடுதலாகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்த்ததால் கிடைத்த பலன் இது.

எனவே நோயாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு வைத்தியரை, அது ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவாக இருந்தாலும் தனியார் டிஸ்பென்சரியாக இருந்தாலும், உங்களுடையவராக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது கிளினிக் கொப்பியை மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், சித்த மருந்தும் கடையில் வாங்கிய வலிக்குளிசையும் உட்பட, ஒரே பையில் கொண்டுபோங்கள். குளிசையின் நிறத்தையும் அட்டையின் பெயரையும் நம்பாமல், உள்ளிருக்கும் மருந்தின் பெயரை அவரிடம் எழுதி வாங்குங்கள். வைத்தியசாலையில் தங்கி வீடு திரும்பினால், டயக்னோசிஸ் கார்டை அலுமாரியில் வைக்காமல் ஒரு வாரத்துக்குள் அவரிடம் காட்டுங்கள். பழைய குளிசைகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்ற குழப்பம் பெரும்பாலும் அந்த முதல் வாரத்தில்தான் நேர்கிறது.