கயோட்டிக்கு எந்த .22?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்கு, குட்டி போடும் பருவம் வந்தால் தூக்கம் போய்விடும். அங்கே ஆட்டுக்குட்டிகளை அதிகம் கொல்வது கயோட்டி. ஓநாய்க்கு நெருங்கிய உறவு விலங்குதான், ஆனால் சிறியது. எடை 9 முதல் 20 கிலோ. கோழிக்கூண்டைச் சுற்றிவரும் செந்நரி இன்னும் சிறியது. 3 முதல் 7 கிலோ வரை இருக்கும். இந்த இரண்டையும் சுட உரிமம் உள்ள ஒருவர் துப்பாக்கிக் கடைக்குப் போனால், அவர் முன் வரக்கூடிய ரைபிள்களில் இரண்டு: .22 லாங் ரைபிள், .223 ரெமிங்டன். பெயரில் ஓர் எண்தான் கூடுதல். இரண்டுக்கும் குழலின் துளை ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டாவதிலிருந்து கிளம்பும் குண்டுக்கு முதலாவதைவிடப் பத்து மடங்கு ஆற்றல்.

மேலே போகும் முன் ஒன்று. நம் ஊரில் நரி என்று சொல்வது பெரும்பாலும் குள்ளநரியை. அது வேறு இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை வேட்டையாடுவது குற்றம். இங்கே பேசுவது முழுக்க அமெரிக்க நிலவரம்.

சரி, கணக்குக்கு வருவோம். .22 லாங் ரைபிளின் குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 365 மீட்டர். .223-இன் குண்டு 3.6 கிராம், வேகம் 985 மீட்டருக்குப் பக்கம். எடையில் ஒரு கிராம்தான் வித்தியாசம். ஆனால் இயக்க ஆற்றலில் வேகம் இருமடியாகச் சேர்கிறது. வேகம் 2.7 மடங்கு என்றால் அதிலிருந்தே ஏழு மடங்கு ஆற்றல் வந்துவிடும். எடையையும் சேர்த்தால் 170 ஜூல் எங்கே, 1,700 ஜூல் எங்கே!

அந்த வேகத்தை ஏன் .22-க்குக் கொடுக்க முடியாது? விடை தோட்டாவின் அடியில் இருக்கிறது. தோட்டா என்பது குண்டு, மருந்து, பித்தளைக் கூடு எல்லாம் சேர்ந்தது. .22 லாங் ரைபிள் 1887-இல் வந்த தோட்டா. தீப்பொறி தரும் மருந்தை அதன் பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பரப்பியிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் மருந்து பற்றும். ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால்தான். நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதன் வரம்பு சுமார் 24,000 பிஎஸ்ஐ. .223-இல் தீமூட்டும் மருந்து தனிக் குப்பியாக, கூட்டின் தடித்த அடிப்பாகத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஊசி அதைத்தான் தட்டுகிறது, கூடு நசுங்கத் தேவையில்லை. இதைச் சென்டர்ஃபயர் என்பார்கள். கூட்டைக் கெட்டியாகச் செய்யலாம், குண்டைத் தள்ளும் வெடிமருந்தை நிறைய நிரப்பலாம், 55,000 பிஎஸ்ஐ வரை போகலாம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று சுமார் 32 பிஎஸ்ஐ என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேகத்தால் இன்னொரு லாபமும் உண்டு. குழலை விட்ட நொடியிலிருந்து எந்தக் குண்டும் கீழே விழத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவு விழும். 100 மீட்டரைக் கடக்க .22 குண்டுக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். அதற்குள் 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். .223 குண்டு 0.11 நொடியில் போய்ச் சேரும்; இறக்கம் 6 சென்டிமீட்டர்தான். இலக்குத் தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் .223-இல் பெரிய பிழை வராது. .22-இல் அதே தவறு, நெஞ்சில் பட வேண்டிய குண்டை வயிற்றிலோ காலிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும். காயம்பட்ட கயோட்டி புதருக்குள் ஓடி, நாள் கணக்கில் வலியில் கிடந்து சாகும். இதைத் தவிர்ப்பதைவிட முக்கியமான காரணம் துப்பாக்கித் தேர்வில் எதுவும் இல்லை. அதனால்தான் .22 லாங் ரைபிளைக் கயோட்டிக்கு எடுத்துப் போகவே கூடாது என்கிறேன். நரிக்கும் அது மிக அருகில் மட்டுமே.

2002-இல் வந்த .17 எச்எம்ஆர் என்ற தோட்டா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதுவும் ரிம்ஃபயர்தான், ஆனால் 1.1 கிராம் குண்டை 775 மீட்டர் வேகத்தில் அனுப்பும். 330 ஜூல் நரிக்குப் போதும், கயோட்டிக்குப் போதாது. குண்டு இலேசானது என்பதால் பக்கக் காற்று எளிதாகத் தள்ளிவிடும். .22-250 ரெமிங்டன், .204 ரூகர் என்ற தோட்டாக்கள் இரண்டும் .223-ஐவிட வேகமானவை, திறந்த சமவெளியில் தொலைவிலிருந்து சுடுபவர்களுக்கு ஏற்றவை.

வேகமான குண்டு ஆபத்தானது, மெதுவானது பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. .22-இன் ஈயக்குண்டு கல்லிலோ உறைந்த தரையிலோ பட்டால் உடையாமல் தெறித்துப் போகும். ஒரு மைலுக்கு மேலும் போகக்கூடியது. மெல்லிய செப்புறை போட்ட வேகக் குண்டு பட்ட இடத்திலேயே சிதறுவதுதான் வழக்கம். விலங்கின் உடலுக்குள்ளும் அதே நடக்கிறது. ஆற்றல் முழுவதும் உள்ளேயே இறங்கிவிடுவதால் உயிர் சட்டென்று போகும். ஆனாலும் எந்தக் குண்டானாலும் பின்னால் மண்மேடு இல்லாமல் சுடக் கூடாது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் கயோட்டிக்கு வேட்டைப் பருவம் என்று தனியாக எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் சுடலாம். நியூயார்க்கில் அக்டோபர் முதல் மார்ச் கடைசி வரை மட்டும். சில மாநிலங்கள் இரவில் ரிம்ஃபயர் மட்டும்தான் என்று வைத்திருக்கின்றன. அங்கே .22 மேக்னம் (.22 லாங் ரைபிளைவிட வலிமையான ரிம்ஃபயர் தோட்டா) அனுமதிக்குள் வந்தால் அதை எடுப்பது நல்லது. 420 ஜூல் தரும். அப்போதும் விலங்கை ஓசை எழுப்பி அருகில் வரவைத்துத்தான் சுட வேண்டும். சட்டம் இப்படி மாறுவதால், துப்பாக்கி விலையைக் கேட்பதற்கு முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுவது நல்லது.

கலிஃபோர்னியாவில் விதி குண்டின் உலோகம் வரை போகிறது. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்தக் காட்டு விலங்கையும் ஈயக்குண்டால் சுட முடியாது. சுட்ட விலங்கின் உடலைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்துக்கொண்டிருந்தன. எனவே செப்புக்குண்டு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு அதே துளையில் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது குழலின் உள்ளே திருகாக ஓடும் புரி. பழைய .22-250 ரைபிள்களில் புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குட்டையான குண்டுக்கு அது போதும், நீளமான செப்புக்குண்டு அதில் தள்ளாடும். இப்போது வரும் .223-களில் 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று சாதாரணம். பல ரைபிள்களில் அந்த எண்ணைக் குழலின் மேலேயே பொறித்திருப்பார்கள். வாங்குபவர் காலிபரோடு (குழல் துளையின் அளவு) அதையும் பார்க்க வேண்டும்.