மினி 1275 என்ஜினுக்கு ஒற்றைக் கார்புரேட்டர்: அளவும் மேனிஃபோல்டும்

1275 சிசி மினி கூப்பர் எஸ் காரில் 1¼ அங்குல எஸ்யூ கார்புரேட்டர்கள் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கருவிகள்) இரண்டு ஜோடியாக இருந்தன. அதனாலேயே, ஒற்றை என்றால் மட்டம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 1¼ அங்குலத் துவாரங்கள் இரண்டின் பரப்பு 1583 சதுர மில்லிமீட்டர். 1¾ அங்குல எஸ்யூ எச்ஐஎஃப்44 ஒன்றின் பரப்பு மட்டுமே 1552. இதே கார்புரேட்டர் ஒன்றை வைத்து 1982இல் வந்த எம்ஜி மெட்ரோ கார், கிட்டத்தட்ட அதே என்ஜினில் 72 குதிரைத்திறன் தந்தது. கூப்பர் எஸ் தந்தது 76.

பரப்பைவிட முக்கியமானது என்ஜின் காற்றை இழுக்கும் வரிசை. மினியின் இந்த ஏ சீரிஸ் என்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் வழிகள்: 1, 2க்கு ஒன்று, 3, 4க்கு ஒன்று. அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பி சீரிஸ் என்ஜினிலும் இதே அமைப்புதான். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. இழுப்பதும் இதே வரிசையில் என்பதால் 3, 4 இரண்டும் ஒரே வழியில் அடுத்தடுத்து இழுக்கும். பிறகு 2, 1 இரண்டும் மறுவழியில் இழுக்கும். ஜோடியாக வைத்தால் ஒரு கார்புரேட்டர் உழைக்கும்போது மற்றது பெரும்பாலும் சும்மா நிற்கிறது. ஒற்றையில் நான்கு சிலிண்டரும் முறைவைத்து அந்த ஒரே பெரிய துவாரத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னக் கணக்கு போதும். 6000 ஆர்பிஎம்மில் சிலிண்டர்கள் 85 சதவீதம் நிரம்புவதாகக் கொண்டால், 1275 சிசி என்ஜின் நொடிக்கு 54 லிட்டர் காற்று இழுக்கும். 1¾ அங்குலத்தில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 35 மீட்டர். 1½ அங்குல எஸ்யூ எச்எஸ்4இல் 47. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்த இழப்பு கூடுவதால், சின்னதில் இழப்பு ஏறக்குறைய 1.85 மடங்கு. 998 சிசி என்ஜினுக்கு எச்எஸ்4 தாராளமாகப் போதும். 1275க்கு எச்ஐஎஃப்44 போடுங்கள். பெரிதாகப் போட்டால் கீழ் வேகத்தில் திணறுமே என்ற பயம் எஸ்யூவுக்குப் பொருந்தாது. இழுக்கிற காற்றுக்கு ஏற்ப கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தானே ஏறி இறங்கித் துவாரத்தைச் சரிசெய்துகொள்ளும். வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டரில் வென்ச்சுரி (காற்று போகும் குறுகிய வழி) அளவு நிலையானது, அதை நாம்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவிர, மினியில் அதை வைக்கப் பெரும்பாலும் ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் உள்ள தகட்டை வெட்ட வேண்டிவரும். சாலையில் ஓடும் காருக்கு அந்த வேலை தேவையே இல்லை.

இனி மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாய். நல்ல கார்புரேட்டரை வாங்கிவிட்டு இங்கே கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். பழைய மினியின் இரும்பு மேனிஃபோல்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே வார்ப்பு. எக்ஸாஸ்ட்டைத் தனியாக்க வேண்டுமானால் எம்ஜி மெட்ரோவின் அலுமினிய இன்லெட் நல்ல தேர்வு. அதற்குள் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் வழி உண்டு, அதை அடைத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது உலோகம் குளிர்கிறது. சூடு இல்லாவிட்டால் துளிகள் சுவரில் ஒட்டி, ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும்.

பொருத்தும்போது ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) தடிமனை அளந்து பாருங்கள். இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே ஸ்டட், ஒரே பெரிய வாஷர்தான் அழுத்திப் பிடிக்கிறது. ஒன்று அரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தாலும் வாஷர் தடித்ததன் மேலேயே உட்கார்ந்துவிடும், மெலிந்த பக்கம் காற்று கசியும். ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். ஓடும் என்ஜினில், சூடான எக்ஸாஸ்ட்டில் படாமல், இன்லெட் இணைப்பின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஐடில் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கார்புரேட்டரின் ஏர் ஃபில்டர் பக்கத்து ஃபிளாஞ்சில் அதன் பிஸ்டனுக்கு அடியில் காற்று போகச் சிறு துளைகள் இருக்கும். கேஸ்கெட்டைத் தலைகீழாகப் போட்டால் அவை மூடிக்கொள்ளும், பிஸ்டன் சரியாக ஏறாது. என்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவையே இருக்காது.

டியூனிங்குக்கு முதலில் ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னக் குழல்) பிரிட்ஜ் (துவாரத்தின் அடியில் உள்ள மேடு) மட்டத்துக்குக் கொண்டுவந்து, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை வலப்பக்கம் இரண்டு சுற்று திருப்புங்கள். பிஸ்டன் சட்டென்று ஏறாமல் தடுக்கும் டேம்பரில் எஸ்ஏஇ 20 ஆயில். என்ஜின் நன்றாகச் சூடானபின் கார்புரேட்டர் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). உடனே விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு). லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

ஐடில் சரியாக இருந்தும் முழு த்ராட்டிலில் தடுமாறினால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், மாற்ற வேண்டியது நீடில், அதாவது பிஸ்டனோடு ஏறி இறங்கி ஜெட்டில் பெட்ரோலை அளக்கும் ஊசி. ஜோடிக் கார்புரேட்டரில் இருந்த நீடிலைக் கழற்றி இதில் போட முடியாது. அதன் ஜெட் 0.090 அங்குலம், எச்ஐஎஃப்44இன் ஜெட் 0.100.