கர்தார்பூர் வழித்தடமும் 1974 நெறிமுறையும்: பாகிஸ்தானில் உள்ள சீக்கியத் தலங்களுக்கு யார், எப்படிச் செல்லலாம்?

பாகிஸ்தானில் உள்ள சீக்கியப் புனிதத் தலங்களுக்கு இந்தியர்கள் செல்வதற்கு இரண்டு அரசு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, 1974 செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்ட வழிபாட்டுத் தலப் பயண நெறிமுறை. மற்றொன்று, 2019 அக்டோபர் 24 அன்று கையெழுத்தான கர்தார்பூர் சாஹிப் வழித்தட ஒப்பந்தம். முதலாவதன்கீழ் விசா பெற்று, குழுவாகச் சென்று, பல ஊர்களைப் பார்த்துவரலாம். இரண்டாவதன்கீழ் விசா இல்லாமல், கர்தார்பூரில் உள்ள ஒரே ஒரு குருத்வாராவுக்கு (சீக்கியக் கோயிலுக்கு) மட்டும் சென்று, அன்றைய தினமே திரும்பிவிட வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொண்டு, வழித்தடம் வழியாகப் போனால் குரு நானக் பிறந்த நன்கானா சாஹிபையும் லாகூரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதற்கு வழியில்லை.

விண்ணப்ப முறைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 மே 7 அன்று, எல்லையில் மோதல் வெடித்த நிலையில், வழித்தடச் சேவையை இந்தியத் தரப்பு நிறுத்திவைத்தது. ஒப்பந்தம் ரத்தாகவில்லை. ஐந்தாண்டுக் காலத்துக்குச் செய்யப்பட்ட அந்த ஒப்பந்தத்தை 2024 அக்டோபரில் இரு நாடுகளும் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தன. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பது வேறு, வாயில் திறந்திருப்பது வேறு. ஏற்கெனவே கொரோனா காரணமாக 2020 மார்ச் 16 முதல் 2021 நவம்பர் 17 வரை இதே வழித்தடம் மூடிக் கிடந்தது. ஆகவே பதிவு தொடங்கியிருக்கிறதா என்பதை மத்திய உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே பயணச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

கர்தார்பூருக்கு மட்டும் இப்படியொரு தனி ஏற்பாடு வந்ததற்குக் காரணம் அந்த ஊர் அமைந்திருக்கும் இடம். குரு நானக் தம் வாழ்வின் கடைசி ஏறத்தாழ 18 ஆண்டுகளை ராவி ஆற்றங்கரையில் இருந்த கர்தார்பூரில் கழித்தார். பயணங்களை முடித்துக்கொண்டு, வயலில் உழுது பயிரிட்டு, தம்மைத் தேடி வந்தவர்களோடு ஒரே பந்தியில் உணவருந்தி வாழ்ந்தார். 1539இல் அங்கேயே மறைந்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் முறைப்படி இறுதிச் சடங்கு செய்ய உரிமை கோரினார்கள் என்பது மரபு. அதற்கேற்ப இன்றும் அந்த வளாகத்தில் ஒரு சமாதியும் ஒரு கல்லறையும் இருக்கின்றன. 1947இல் பிரிவினைக் கோடு போடப்பட்டபோது ராவிக்கு மேற்கே இருந்த அந்தப் பகுதி பாகிஸ்தானுக்குப் போயிற்று. எல்லையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கட்டடத்தை, பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் உள்ள தேரா பாபா நானக் ஊரின் எல்லைப் பாதுகாப்புப் படை மேடையிலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்புவதே பல ஆண்டுகள் பக்தர்களுக்குக் கிடைத்த தரிசனம். வழித்தடத்துக்கு இரு பக்கமும் 2018 நவம்பர் இறுதியில் அடிக்கல் நாட்டப்பட்டது. குரு நானக்கின் 550ஆவது பிறந்த நாளை ஒட்டி 2019 நவம்பர் 9 அன்று வழித்தடம் திறக்கப்பட்டது.

இதைப் பயன்படுத்தும் உரிமை சீக்கியர்களுக்கு மட்டுமானது அல்ல. எந்த மதத்தைச் சேர்ந்த இந்தியக் குடிமகனும், செல்லத்தக்க பாஸ்போர்ட் இருந்தால், விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் ஓ.சி.ஐ. (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டையுடன் தம் நாட்டுப் பாஸ்போர்ட்டையும் வைத்திருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும். தனியாகவும் போகலாம், குழுவாகவும் போகலாம். ஆனால் 13 வயதுக்குக் குறைந்தவர்களும் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் குழுவோடுதான் செல்ல வேண்டும். தாத்தா பாட்டியை அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பங்கள், எல்லோருடைய விண்ணப்பத்தையும் ஒரே தேதிக்கு, ஒரே குழுவாகப் பதிவுசெய்வது இதனால்தான் அவசியமாகிறது.

விண்ணப்பம் இணையவழி மட்டுமே. உள்துறை அமைச்சகம் 'பிரகாஷ் புரப் 550' என்ற பெயரில் இதற்கெனத் தனி இணையதளம் வைத்திருக்கிறது. அதில் பயணத் தேதியைத் தேர்ந்தெடுத்து, பாஸ்போர்ட் விவரங்களையும் புகைப்படத்தையும் ஏற்ற வேண்டும். அதன் பிறகு உள்ளூர்க் காவல் நிலையம் வழியாகச் சரிபார்ப்பு நடக்கும். தமிழ்நாட்டில் இருந்து விண்ணப்பிக்கிறவருக்கு அவருடைய முகவரிக்கு உட்பட்ட காவல் நிலையத்தில் இருந்து அழைப்பு வரலாம் என்பதால், வீடு மாறியவர்கள் தற்போதைய முகவரியைச் சரியாகக் கொடுப்பது நல்லது. பயணிகள் பட்டியலை இந்தியா பத்து நாள் முன்னதாகப் பாகிஸ்தானுக்கு அனுப்பும். பாகிஸ்தான் தன் ஒப்புதலைப் பயண நாளுக்கு நான்கு நாள் முன்பு தெரிவிக்கும். ஒப்புதல் கிடைத்தவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். இணையதளத்தில் இருந்து மின்னணுப் பயண அனுமதியைப் பதிவிறக்கி, அச்செடுத்து, பாஸ்போர்ட்டுடன் கொண்டுசெல்ல வேண்டும். பதிவுசெய்துவிட்டதாலேயே பயணம் உறுதியாகிவிடாது. அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் எல்லையில் உள்ள பயணியர் முனையத்துக்குப் போய் நிற்பதில் பயனில்லை.

தென்கோடியில் இருந்து போகிறவர்களுக்கு இந்த நான்கு நாள் கணக்குதான் பெரிய சிக்கல். ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. விமானக் கட்டணமும் நாள் நெருங்க நெருங்க ஏறும். அனுமதியோ கடைசி நேரத்தில்தான் உறுதியாகிறது. டெல்லிக்காரருக்கு இது தொந்தரவு இல்லை. மதுரையில் இருந்து கிளம்புகிறவருக்கு அனுமதி வரும்போது அவர் ஏறக்குறைய ரயிலில் உட்கார்ந்திருப்பார். விதியை வகுத்தவர்கள் பஞ்சாபையும் அதன் அண்டை மாநிலங்களையும் மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்களோ என்று தோன்றுகிறது. எனவே பயணத்தை அமிர்தசரஸை மையமாக வைத்துத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம். பொற்கோயிலும் சீக்கியரின் உயர்ந்த சமய பீடமான அகால் தக்தும் ஜாலியன்வாலா பாக்கும் அங்கேயே இருக்கின்றன. சாலை வழியாக சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள தேரா பாபா நானக் ஊரில் குரு நானக்கின் அங்கியாகப் போற்றப்படும் ஆடையை வைத்திருக்கும் சோலா சாஹிப் குருத்வாரா இருக்கிறது. அனுமதி வராமல் போனாலும் அந்தப் பக்கம் போய்வந்த செலவு வீணாகாது.

இது மானியத் திட்டம் அல்ல. பாகிஸ்தான் தரப்பு ஒவ்வொரு பயணியிடமும் ஒவ்வொரு முறையும் 20 அமெரிக்க டாலர் சேவைக் கட்டணம் வாங்குகிறது. இதைக் கைவிடும்படி இந்தியா ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலும் கேட்டது, 2024இல் நீட்டித்தபோதும் கேட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஊரிலிருந்து நாட்டு எல்லை வரை ஆகும் செலவு போக, கட்டணம் மட்டும் 80 டாலர். கூலி வேலை செய்கிறவர்களுக்கு இது கனவில் மட்டும் சாத்தியமாகும் தொகை. ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை போகலாம் என்று ஒப்பந்தம் சொன்னாலும், வழித்தடம் திறந்திருந்த நாட்களில் பெரும்பாலும் சில நூறு பேரே போனதற்கு இந்தக் கட்டணமும், பாஸ்போர்ட் கட்டாயம் என்ற நிபந்தனையும் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பாஸ்போர்ட் விஷயத்தில் தொடக்கத்திலேயே ஒரு குழப்பம் எழுந்தது. திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு அன்றைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான், பாஸ்போர்ட் வேண்டாம், ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும், பத்து நாள் முன்பதிவும் வேண்டாம் என்று அறிவித்தார். இந்திய வெளியுறவு அமைச்சகம், கையெழுத்தான ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் கட்டாயம் என்றுதான் இருக்கிறது, ஒரு தரப்பு மட்டும் அதை மாற்ற முடியாது என்று பதில் சொன்னது. அந்த அறிவிப்பை நம்பி ஆதார் அட்டையுடன் போகலாம் என்று இன்றும் சிலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அது ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை.

கொண்டுசெல்லும் பொருட்களுக்கு வரம்பு உண்டு. ரொக்கமாக 11,000 ரூபாய்க்கு மேலும், குடிநீர் உட்பட 7 கிலோவுக்கு மேல் பையும் கூடாது. பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை கொண்டுவரச் சொல்கிறார்கள். மது, புகையிலை ஆகியவற்றுக்கு இடமில்லை. குருத்வாராவுக்குள் ஆண், பெண் எல்லோரும் தலையை மறைத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு துணி வைத்துக்கொள்ளலாம்.

அன்றைய நாள் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். தேரா பாபா நானக்கில் இந்திய நிலத்துறைமுக ஆணையம் கட்டியிருக்கும் பயணியர் முனையம் பார்ப்பதற்கு விமான நிலையத்தைப் போலவே இருக்கும். குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என எல்லாம் வரிசையாக நடக்கும். போலியோ இன்னும் ஒழியாத நாடுகளில் ஒன்று பாகிஸ்தான் என்பதால் சொட்டு மருந்து தரப்படுவதும் உண்டு. அங்கிருந்து எல்லைக் கோடு வரை பயணிகளை மின்கல வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். கோட்டைத் தாண்டியதும் மறுபக்க முனையத்தில் பதிவும் கட்டணமும் முடிந்து, பேருந்தில் குருத்வாராவுக்கு அழைத்துச் செல்வார்கள். உள்ளே சமாதியையும் கல்லறையையும் வணங்கலாம். குரு நானக் தம் வயலுக்கு நீர் இறைத்த கிணறு என்று போற்றப்படும் கூ சாஹிப்பில் நீர் பருகலாம். லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் எல்லோரோடும் தரையில் அமர்ந்து சாப்பிடலாம். லங்கருக்கும் பிரசாதத்துக்கும் ஏற்பாடு செய்வது பாகிஸ்தான் தரப்பின் கடமை என்பது ஒப்பந்தத்திலேயே பேசப்பட்டிருக்கிறது. குருத்வாரா வளாகத்தைத் தாண்டி நரோவால் ஊருக்குள்ளோ கடைத்தெருவுக்கோ போக அனுமதி இல்லை. இருட்டுவதற்குள் காலையில் கடந்த அதே வாயிலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

மற்ற தலங்களைப் பார்க்க வேண்டும் என்றால் 1974 நெறிமுறையின்கீழ் போகும் ஜத்தாவில், அதாவது யாத்திரைக் குழுவில், இடம் பெற வேண்டும். பாகிஸ்தானில் 15 தலங்களும் இந்தியாவில் 5 தலங்களும் அந்த நெறிமுறையில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இந்தியப் பட்டியலில் அஜ்மீர் தர்காவும் டெல்லி நிஜாமுதீன் தர்காவும் உண்டு. பாகிஸ்தானியர்கள் உருஸ் விழாவுக்கு இங்கே வருவதும், சீக்கியர்கள் நன்கானா சாஹிபுக்கு அங்கே போவதும் ஒரே ஆவணத்தின் இரு பக்கங்கள். ஒரு பக்கம் விசாவை நிறுத்தினால் மறுபக்கமும் நின்றுபோவது இதனால்தான்.

சீக்கிய ஜத்தாக்கள் ஆண்டுக்கு நான்கு முறை போவது வழக்கம்: ஏப்ரலில் வைசாகித் திருநாள், ஜூனில் ஐந்தாவது சீக்கிய குருவான அர்ஜன் தேவின் தியாக நாள், ஜூன் இறுதியில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் நினைவு நாள், நவம்பரில் குரு நானக்கின் பிறந்த நாள். வைசாகிக்கும் குரு நானக் பிறந்த நாளுக்கும் 3,000 பேர் வரை அனுமதி உண்டு. மற்ற இரண்டுக்கும் எண்ணிக்கை குறைவு. ஜூன் மாத ஜத்தாவில் ஒரு நாட்காட்டித் தகராறும் கலந்திருக்கிறது. 2003இல் வந்த, சீக்கியர்களுக்கான நானக்ஷாஹி நாட்காட்டியைப் பாகிஸ்தான் குருத்வாராக் கமிட்டி பின்பற்றுகிறது. குருத்வாராக்களை நிர்வகிக்கும், அமிர்தசரஸில் உள்ள சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியோ திருத்தப்பட்ட வடிவத்தைப் பின்பற்றுகிறது. குரு அர்ஜன் தேவின் தியாக நாள் இருவருக்கும் வெவ்வேறு தேதியில் வருவதால், சில ஆண்டுகளில் அமிர்தசரஸ் கமிட்டி ஜத்தாவையே அனுப்பாமல் விட்டிருக்கிறது. விசா கிடைத்தும் போக முடியாமல் போவது இப்படியும் நடக்கும்.

ஜத்தாவில் சேர, தனி ஆளாகத் தூதரகத்துக்கு விண்ணப்பிப்பது வழக்கமில்லை. சிரோமணி கமிட்டி, டெல்லி சீக்கிய குருத்வாரா நிர்வாகக் கமிட்டி போன்ற அமைப்புகள் சில மாதங்கள் முன்பே பாஸ்போர்ட்டுகளைச் சேகரித்து, மாநில அரசின் சரிபார்ப்புக்கும் உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதலுக்கும் பிறகு, டெல்லியில் உள்ள பாகிஸ்தான் தூதரகத்திடம் ஒப்படைக்கின்றன. விண்ணப்பித்த எல்லோருக்கும் விசா வருவதில்லை. பட்டியலில் பாதிப் பேர் விடுபட்ட ஆண்டுகளும் உண்டு. கிடைத்தவர்கள் அட்டாரி–வாகா வழியாக எல்லையைக் கடந்து, ஏறத்தாழ பத்து நாட்களில் நன்கானா சாஹிப், ஹசன் அப்தாலில் குரு நானக்கின் கை பதிந்ததாகப் போற்றப்படும் பாறை உள்ள பஞ்சா சாஹிப், லாகூரில் 1606இல் குரு அர்ஜன் தேவ் உயிர்நீத்த இடத்தில் எழுந்த தேரா சாஹிப், அதன் பக்கத்திலேயே உள்ள ரஞ்சித் சிங் சமாதி, கர்தார்பூர் என்று சுற்றிவருவார்கள். விசாவில் குறிப்பிட்ட ஊர்களுக்கு மட்டுமே போகலாம், குழுவை விட்டு விலகிச் செல்லக் கூடாது. 2025 ஏப்ரலில் அட்டாரி சோதனைச் சாவடி மூடப்பட்ட பிறகும், அந்த ஆண்டு நவம்பரில் குரு நானக் பிறந்த நாள் ஜத்தாவுக்கு இந்திய அரசு தனியாக அனுமதி தந்தது. அப்போதும் கர்தார்பூர் வழித்தடம் திறக்கப்படவில்லை.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை போன்ற நாடுகளின் குடிமக்களான தமிழர்களுக்கு ஓ.சி.ஐ. அட்டை இல்லையென்றால் இந்த இரண்டு ஏற்பாடுகளுமே பொருந்தாது. இந்தியாவில் சுற்றுலா விசாவில் இருந்தாலும் தேரா பாபா நானக் வாயில் வழியாக அவர்கள் கடக்க முடியாது. தத்தம் நாட்டில் உள்ள பாகிஸ்தான் தூதரகம் அல்லது அந்நாட்டு இணையவழி விசா சேவை மூலம் விசா பெற்று, லாகூர் சென்று, அங்கிருந்து சாலை வழியாகவே கர்தார்பூரை அடைய வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு வழித்தடப் பயணிகளுக்கு உள்ள ஒரு நாள் கட்டுப்பாடு இல்லை. விசா அனுமதிக்கும் நாட்கள் வரை தங்கலாம்.