ஆமை மேலேறும் வழியில் நிற்காதீர்கள்

நீருக்கடியில் கடலாமையைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம், கேமராவைத் தொடுவதற்கு முன்பே நான் சொல்லிவிடுவது ஒன்று உண்டு. ஆமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. அசையாமல் உறங்கும்போது மணிக்கணக்கில் அடியில் கிடக்கக்கூடிய அதே ஆமை, விரட்டப்பட்டு வேகமாக நீந்தினால் வெகு சீக்கிரம் மேலே வந்தாக வேண்டும். நம் முதுகில் காற்றுச் சிலிண்டர் இருக்கிறது. அதற்கு இழுத்து வைத்த ஒரு மூச்சுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துச் சென்ற குழுவில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடற்புல் மேய்ந்து முடித்த பேராமை இனத்து ஆமை ஒன்று மேலே கிளம்பியது. நான்கு பேர் அதன் தலைக்கு மேல் வளைத்துக்கொண்டு கேமராவை நீட்டினார்கள். இடப்பக்கம் திரும்பியது, அங்கே ஒருவர். வலப்பக்கம் திரும்பியது, அங்கேயும் ஒருவர். மூச்செடுக்காமலே அது மீண்டும் கீழே இறங்கிவிட்டது. அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மேலேறும் ஆமையைப் பின்தொடர்வது நமக்கும் ஆபத்து. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்று படித்தவர்கள்கூட, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவுடன் ஆழமானியை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு எப்படித்தான் எடுப்பது? இரை தின்னும் ஆமையைத் தேடுங்கள். அழுங்காமை என்ற இனம் பவளப்பாறை இடுக்கில் கூரிய அலகை நுழைத்துக் கடற்பஞ்சைக் கவ்வும். முன்துடுப்பைப் பாறையில் ஊன்றித் தலையைப் பின்னுக்கு இழுக்கும். பிய்ந்து பறக்கும் துணுக்குகளுக்காகச் சிறு மீன்கள் சுற்றிலும் மொய்க்கும். பக்கவாட்டில் சற்றுத் தள்ளி, அதன் மட்டத்துக்கோ அதற்கும் கீழாகவோ, எதையும் தொடாமல் மிதந்தபடி காத்திருங்கள். தின்பதை நிறுத்தி உங்களைப் பார்த்தாலோ, துடுப்பு வீச்சு வேகமானாலோ பின்வாங்குங்கள். தொடர்ந்து தின்றால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். நல்ல படங்கள் எனக்கு அப்போதுதான் கிடைத்திருக்கின்றன.

துரத்தி எடுத்த படம் அழகாகவும் இருப்பதில்லை. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது மங்கிவிடுகிறது. ஸ்ட்ரோப் எனும் நீரடி ஃபிளாஷ் விளக்கின் வெளிச்சமோ ஓரிரு மீட்டர் தாண்டினால் வலுவிழந்துவிடும். எட்டிப்போகும் ஆமையின் வால்பக்கம் நீலப் புகையாகத்தான் பதியும். வைட் ஆங்கிள் லென்ஸ் போட்டு, ஸ்ட்ரோப்களை இருபுறமும் சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்தால், நீரில் மிதக்கும் துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாக விழுவது குறையும். நேர் கண்ணில் ஃபிளாஷ் அடிக்க மாட்டேன். உறங்கும் ஆமைக்கு அறவே இல்லை. முட்டையிடும் கரையிலும், கடலை நோக்கி ஊரும் குஞ்சுகளிடமும் எந்த விளக்கும் கூடாது. வெளிச்சம் குஞ்சுகளைத் திசை தவற வைக்கும்.

பொறுமையாக எடுத்த பக்கவாட்டு முகப்படத்துக்கு இன்னொரு பயன் உண்டு. கன்னத்துச் செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறுபடும். நம் கைரேகை மாதிரி. அதை வைத்து ஒரே ஆமையை ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். இரண்டு கன்னங்களும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் இரு பக்கப் படமும் இருந்தால் நல்லது. ஒரு பக்கம்தான் கிடைத்தது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். மறு கன்னத்துக்காக அதன் முன்னால் குறுக்கே போக வேண்டாம்.